கூட வந்தவர் லாயிட்

பெங்களூர் நீலசந்திராவில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் முதலில் தேடுவது டாக்டரை அல்ல, லாயிட்டை. டாக்டர் எங்கும் ஓடிவிட மாட்டார், போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் கூட வர ஆள் இல்லாமல் டாக்டரைப் போய்ப் பார்த்து என்ன பயன்? நம் டாக்டர்களில் பலர் நோயாளியைத் தொடுவார்கள், தட்டுவார்கள், குத்துவார்கள், வெட்டுவார்கள், தைப்பார்கள். பேச மட்டும் மாட்டார்கள். பேசுவதற்கு வேறு ஆள் வேண்டும். "பேஷண்ட் கூட யாரு வந்திருக்கீங்க?" என்று நர்ஸ் கதவைத் திறந்து கேட்கும்போது எழுந்து நிற்க இஸ்திரி போட்ட சட்டை ஒன்று வேண்டும். நீலசந்திராவின் பாதி ஜனத்துக்கு அந்தச் சட்டை லாயிட்.

ஆள் கோலார் தங்கவயல்காரர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்து லைன் வீட்டில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போனவர். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கியவர். தங்கம் தீர்ந்து சுரங்கத்தை மூடியபோது ஊரில் மிச்சமிருந்தவை மண்மேடும் இங்கிலீஷும். மண்மேட்டை யாராலும் தூக்கி வர முடியாது. லாயிட் இங்கிலீஷைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் பாசஞ்சரில் ஏறினார். ஒரு பெரிய கம்பெனியின் வாசலில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக நின்றார். வருகிறவர்களை நிறுத்துவது, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பது, மேலே இருக்கிற பெரிய மனிதர் சொன்ன 'முடியாது' என்பதில் சர்க்கரை போட்டுக் கீழே இருப்பவரிடம் கொடுப்பது. இதுதான் உத்தியோகம். அதில் அவர் தேர்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அதே உத்தியோகம்தான், வாசல் மட்டும் மாறியது.

அவர் மனைவி சிந்தியா இதைப் பற்றிச் சொல்வதைத் தெருவே கேட்டிருக்கிறது. "எனக்கு ஜுரம்னா குரோசின் இருக்குது பாருன்னு சொல்ற மனுஷன். அடுத்த ஊட்டு ஆயாவுக்குத் தும்மல் வந்தா டை கட்டிக்கினு கெளம்புவாரு."

டை கொஞ்சம் மிகை. ஆனால் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, எக்ஸ்ரே கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் நடக்கும்போது, பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருபவர்தான் நோயாளி என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆகும்.

இதற்காக அவர் காசு வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் மன்னித்திருக்கலாம். காசுக்குச் செய்கிறவன் காசு வராவிட்டால் நிறுத்திக்கொள்வான். லாயிட்டுக்கு வேண்டியது வேறு. அடுகோடி பக்கம் ஒரு நர்சிங் ஹோம் வைத்திருந்த டாக்டர் ரித்விக், அவரைப் பார்த்ததும், "ஆ, லாயிட்! வாங்க" என்று பேர் சொல்லிக் கூப்பிடுவார். அந்த ஒரு வார்த்தைக்காக லாயிட் யாருடைய உறுப்பையும் எழுதிக் கொடுப்பார். கொடுத்துமிருக்கிறார்.

டாக்டர் ரித்விக்கைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. இளவயசு, களையான முகம், பக்கத்தில் போனால் நல்ல வாசனை. குரலை உயர்த்த மாட்டார். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் கண்ணாடி போட்டு ஒரு உறுதிமொழி தொங்கும். நோயாளியின் நலனே என் முதல் கடமை, நோயாளியின் விருப்பத்தையும் மானத்தையும் மதிப்பேன், என்று இங்கிலீஷில் பெரிய எழுத்தில் இருக்கும். அதைப் படிக்க வேண்டிய ஒரே ஆள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அங்கே வைத்தியம் நடக்கிற முறையைச் சொல்கிறேன். நோயாளியும் கூட வந்தவரும் உள்ளே போவார்கள். டாக்டர் நோயாளியைப் படுக்க வைத்து அமுக்கிப் பார்ப்பார். பிறகு மிகவும் மரியாதையாக, "நீங்க ஸ்வல்ப வெளியே உக்காருங்க" என்பார், ஸ்வல்ப என்றால் கொஞ்சம். நோயாளி வெளியே போவார். நோய் மட்டும் உள்ளேயே தங்கும். அதைப் பற்றி டாக்டரும் கூட வந்தவரும் இங்கிலீஷில் பேசி முடிவு செய்வார்கள். பிறகு லாயிட் வெளியே வந்து, எந்த வியாதியானாலும் ஒரே மருந்தைக் கொடுப்பார்: "ஒன்னியும் இல்ல."

சரக்கு வண்டி ஓட்டிய கோவிந்தப்பாவுக்குச் சர்க்கரையில் கால் புண் ஆறாமல் இருந்தது. லாயிட் கூடப் போனார். உள்ளே பேச்சு. வெளியே வந்து, "ஒன்னியும் இல்ல, சின்ன டிரெஸ்ஸிங்" என்றார். கோவிந்தப்பா மயக்கம் தெளிந்து காலைப் பார்த்தபோது கட்டை விரலைக் காணோம்.

"எங்கப்பா போச்சு?"

"சொன்னா பயந்துடுவீங்கன்னுதான் சொல்லல."

"இப்ப மட்டும் இன்னா, டான்ஸா ஆடறேன்?"

விரலை எடுத்தது சரியான வைத்தியமாகவே இருக்கலாம். விட்டிருந்தால் கால் போயிருக்கலாம். ஆனால் விரல் யாருடையது? அதைக் கேட்க நீலசந்திராவில் அன்றைக்கு ஆளில்லை. காலைக் காப்பாற்றிக் கொடுத்தார் லாயிட் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். விரலைப் பறிகொடுத்தவரே அவருக்குப் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். ஜனங்களைச் சொல்லியும் குற்றமில்லை என்று எழுதத்தான் ஆசை. குற்றம் இருக்கிறது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் சோனியா வந்தாள்.

சோனியாவுக்கு முப்பதைத் தாண்டிய வயசு. கோரமங்களாவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். தமிழ், கன்னடம், இந்தி என்று மூன்று பாஷையில் ஆட்களை ஏவி, மூன்று பாஷையிலும் திட்டி வேலை வாங்குகிறவள். புருஷன் உத்தமன் ஏர்போர்ட் டாக்சி ஓட்டுகிறான். ஒரு பெண் குழந்தை, இரண்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு ஒன்று தங்கிக் கலைந்துபோனது. இன்னொன்று வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. அந்த ஆசையை அவர்கள் தெருவில் சொல்லிக்கொண்டு திரியவில்லை, யாரும் திரிவதில்லை.

சில மாதமாக அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. வேலையிடத்தில் மாடிப்படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். உத்தமன் சொன்னான், "நான் வந்தா ரெண்டு ட்ரிப்பு போயிடும். லாயிட் அண்ணன் வராரு. அவருக்கு அந்த டாக்டரு ஃப்ரெண்டு."

டாக்டர் ரித்விக் ஸ்கேனைப் பார்த்தார். கன்னடத்தில், அழகான கன்னடத்தில், "அம்மா, நீங்கள் கொஞ்சம் வெளியே உட்காருங்கள்" என்றார்.

"பரவால்ல டாக்டர், சொல்லுங்க, கேட்டுக்கறேன்" என்று அவளும் கன்னடத்திலேயே சொன்னாள்.

டாக்டர் புன்னகைத்தார். நர்ஸ் கிரேஸ் அவள் தோளைத் தொட்டு மெதுவாக வெளியே திருப்பினாள். இரண்டு பேருக்கும் ஒரே பாஷை நன்றாகத் தெரியும் என்பதைக் கவனியுங்கள். மொழிபெயர்க்க அங்கே ஒன்றுமே இல்லை.

உள்ளே டாக்டர் லாயிட்டிடம் இங்கிலீஷில் சொன்னார். "கர்ப்பப்பையில் கட்டிகள் இருக்கின்றன. புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை. எடுத்துவிடலாம். மொத்தமாக."

"மொத்தமாக என்றால், டாக்டர்?"

"கர்ப்பப்பையோடு. சும்மா வைத்துக்கொண்டு எதற்கு? ஃபேமிலி கம்ப்ளீட் தானே?"

லாயிட் யோசித்தார். அவருக்குத் தெரிந்தவரை அந்த வீட்டில் ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, ஒரு குழந்தை, ஒரு ஸ்கூட்டர் இருந்தார்கள். குறையாக ஒன்றும் தோன்றவில்லை.

"கம்ப்ளீட், டாக்டர்."

ஆயிற்று. ஒரு பெண் இனிப் பிள்ளை பெறுவாளா மாட்டாளா என்பதற்கு, பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ரிட்டயர்டு செக்யூரிட்டி சூப்பர்வைசர் பதில் சொல்லிவிட்டார். மருத்துவம் படித்தவர் அதைக் கேட்டுத் தலையாட்டித் தேதி குறித்தார். கட்டியை மட்டும் எடுக்க வழி உண்டா, மாத்திரையில் அடக்கிப் பார்க்கலாமா, வேறு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா, எந்தப் பேச்சும் இல்லை. கேட்க வேண்டியவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ணா சொன்னாரு?"

"ஒன்னியும் இல்லமா. சின்னக் கட்டி. எடுத்துட்டா ஆச்சு."

"எடுத்துட்டா... அப்பறம் கொழந்த ஆவறதுக்கு ஒன்னும் தொந்தரவு இருக்காதே?"

இந்த இடத்தில் லாயிட்டுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கம்ப்ளீட் இல்லை என்று தெரிந்துவிட்டது. கதவு நாலடி தள்ளி இருந்தது. தட்டி உள்ளே போய், "டாக்டர், நான் சொன்னது தப்பு" என்று சொன்னால் போதும். ஆனால் டாக்டர் என்ன நினைப்பார்? 'லாயிட்டுக்கு விவரம் தெரியவில்லை' என்று நினைத்துவிட்டால்? அதற்கு ஒரு கர்ப்பப்பை போவது மேல்.

"எல்லாம் நல்லபடியா ஆவும். கர்த்தர் இருக்காரு" என்றார். தன் பழியைத் தூக்கக் கர்த்தரையும் கூட வரவழைத்துக்கொண்டார்.

குறித்த நாளில் சோனியா சேர்ந்தாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். "ஃபார்மாலிட்டிமா" என்றார் லாயிட். காலையில் கையில் ஊசி ஏற்றிவிட்டு, கிரேஸ் ஆறுதலாகப் பேச்சுக் கொடுத்தாள். கெட்ட மனசு இல்லாத பெண்.

"நீங்க லக்கி அக்கா. இனிமே மாசாமாசம் பேஜாரே கெடயாது. ஜாலி."

"ஏன் கெடயாது?"

கிரேஸின் கை பஞ்சோடு நின்றது. "டாக்டர் சொல்லலியா?"

"யாருகிட்ட?"

"உங்க... கூட வந்தவருகிட்ட."

லாயிட் கீழே வாட்ச்மேனுக்கு எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மேலே கூப்பிட்டார்கள். வந்தார்.

"அண்ணா, என் வயித்துல இருந்து இன்னா எடுக்கப் போறாங்க?"

"அதான் சொன்னேனேமா, கட்டி..."

"கட்டி எடுத்தா எப்டி ணா மாசாமாசம் வராம போவும்? நான் பாத்ரூம் கழுவ ஆள் வெக்கறவதான், ஆனா அந்த அளவுக்கு எனக்கும் புரியும்."

லாயிட் சுவரைப் பார்த்தார். "கர்ப்பப்பையோட எடுத்தாதான் சேஃப்னு டாக்டரு... ஃபேமிலி கம்ப்ளீட்டானு கேட்டாரு..."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

லாயிட் ஸ்கேன் கவரை அக்குளில் இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டார்.

"கம்ப்ளீட்டுனு சொன்னீங்களா? எப்டி ணா? எங்க ஊட்டுல எனக்கே தெரியாம ஒரு ஆளா நீங்க?"

கிரேஸ் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"நீ பயந்துடுவேன்னுதான் சொல்லலமா. உன் நல்லதுக்குத்தான்."

"நான் பயப்படுவனா மாட்டனான்னு நான் சொல்றேன். அதுக்கும் நீங்களே வருவீங்களா?"

அவள் உத்தமனுக்குப் போன் போட்டாள். அவன் பாதி கேட்டுவிட்டு, "அண்ணன்கிட்ட குடு" என்றான்.

"குடுக்க மாட்டேன். என்கிட்ட பேசு. கர்ப்பப்பைய எடுக்கப் போறாங்க."

அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். பிறகு, "அப்டியா? என்னை ஒரு வார்த்தை கேக்கலியே!" என்றான். அவனுக்கும் வருத்தம்தான், தன்னைக் கேட்கவில்லை என்று. உத்தமன் என்று பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

அப்போது டாக்டர் ரித்விக் ரவுண்ட்ஸ் வந்தார். வாசனை முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார். சோனியா எழுந்து உட்கார்ந்து, கன்னடத்தில், ஒரு வார்த்தை பிசகாமல் கேட்டாள். "டாக்டர், கர்ப்பப்பையை எடுக்க நான் சம்மதிக்கவில்லை. எனக்கு இன்னொரு குழந்தை வேண்டும். கட்டியை மட்டும் எடுக்க முடியுமா முடியாதா?"

தெளிவான கேள்வி. டாக்டர் லாயிட்டைப் பார்த்தார். இங்கிலீஷில், "கொஞ்சம் பதற்றமாக இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"ஆமாம், டாக்டர்."

"நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்."

"எனக்குக் காது இருக்குது டாக்டர், என்கிட்டயே சொல்லலாம்" என்றாள் சோனியா.

"டென்ஷன் பேடா அம்மா, வேணாம். நாங்க இருக்கோம்ல?" என்று அவர் புன்னகைத்தார். பிறகு அந்தப் புன்னகையை மடித்து வைத்துவிட்டு, "உங்க ஆள்கிட்ட எல்லாம் விளக்கமா சொல்லியாச்சு. அவரு ஓகே சொல்லிட்டாரு. தியேட்டர் ரெடியா இருக்கு" என்றார்.

பொய் இல்லை. விளக்கியிருந்தார், சம்மதமும் வாங்கியிருந்தார். மயக்கத்தில் இல்லாத, புத்தி தெளிந்த, பெரிய மனுஷியான ஒரு நோயாளியின் உடம்பில் கத்தி வைக்க அவளுடைய சம்மதம்தான் வேண்டும், புருஷன் சொல்வதுகூட அதற்கு ஈடாகாது என்று அவர் படித்த படிப்பில் முதலிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பரீட்சையில் எழுதியும் இருப்பார். நல்ல மார்க்கும் வாங்கியிருப்பார். அடிப்பது, திட்டுவது, ஏமாற்றிக் காசு பிடுங்குவது ஒன்றும் அவரிடம் இல்லை. எதிரே இருப்பது ஒரு ஆள் என்ற நினைப்பு மட்டும்தான் இல்லை.

"சிஸ்டர், இந்த ஊசிய எடுங்க" என்றாள் சோனியா.

கிரேஸ் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கிரேஸ் ஊசியைக் கழற்றிப் பஞ்சை வைத்து அழுத்தினாள். "டயத்த வேஸ்ட் பண்ணாதீங்க அக்கா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று காதருகே சொன்னாள். அந்தக் கட்டடத்தில் அன்றைக்குச் சொல்லப்பட்ட ஒரே மருத்துவ ஆலோசனை அதுதான்.

வாசலில் டாக்டர் லாயிட்டிடம் மெல்லிய குரலில், "உங்களிடம் நான் இதை எதிர்பார்க்கவில்லை" என்றார். லாயிட்டின் கண் கலங்கிவிட்டது. கோவிந்தப்பாவின் விரலுக்குக் கலங்காத கண்.

சோனியா ஆட்டோ பிடித்தாள். லாயிட்டும் ஏறிக்கொண்டார். அவரை யாரும் கூப்பிடவில்லை. ஸ்கேன் கவர் அவர் அக்குளில் இருந்ததால் இறக்கிவிடவும் முடியவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவுக்கு வெளியே கூட்டம் நெருக்கியடித்தது. உள்ளே டாக்டர் ஷோபா. வெளுத்த கோட்டு, பாக்கெட்டில் டீக் கறை, தொண்டை கட்டிய குரல். அந்தக் குரல் கூப்பிடுவது, கேட்பது, பதில் சொல்வது எல்லாவற்றையும் ஒரே உரத்தில் செய்தது. சோனியாவின் முறை வந்தபோது வழக்கம் போல லாயிட் முன்னால் போய் நின்றார்.

"குட் மார்னிங் டாக்டர். மைசெல்ஃப் லாயிட்..."

டாக்டர் ஷோபா கவரை வாங்கிப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். கன்னடத்தில் கேட்டார், "கர்ப்பப்பை உங்களுக்கா இருக்கிறது?"

"இல்ல, டாக்டர்."

"ஹாகாத்ரே ஆச்செ ஹோகி" என்றார். அப்படியானால் வெளியே போங்கள் என்று அர்த்தம். அர்த்தம் தெரியாதவர்கள்கூடப் போயிருப்பார்கள், குரல் அப்படி. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். லாயிட் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக நோயாளி உட்கார வேண்டிய பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

உள்ளே டாக்டர் ஷோபா எல்லாம் விசாரித்துவிட்டுச் சோனியாவைத் திட்ட ஆரம்பித்தார். பாதி கன்னடம், பாதி தமிழ். "இத்தனை மாசம் என்ன கிழிச்சிட்டிருந்தே? ரத்தம் இவ்வளவு கம்மியா வெச்சிட்டு ஸ்கூட்டர் ஓட்டறியா? ரோட்ல விழுந்தா யாரு பொறுக்கறது? அறிவிருக்கா?"

வயசான டாக்டர் ஒரு நோயாளியை இப்படிப் பேசலாமா? கூடாது. கதவு திறந்திருந்தது, வரிசையே கேட்டது. அதுவும் தப்புதான். டாக்டர் ஷோபாவுக்குக் கோயில் கட்ட இதை எழுதவில்லை. ஆனால் திட்டி முடித்ததும் அவர் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. நாற்காலியை இழுத்து, சோனியாவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். மேஜையில் கிடந்த மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, அதன் பின்பக்கம் கொய்யாப்பழம் மாதிரி ஒன்றை வரைந்தார். அதில் மூன்று உருண்டை போட்டார்.

"இது நீ. இது கட்டி. கேளு. மாத்திரை குடுத்துப் போக்கைக் குறைக்கலாம், ஆனா இந்தப் பெரிசு அப்படியே இருக்கும். கட்டிய மட்டும் எடுக்கலாம், பை நிக்கும். ஆனா திரும்ப வளரலாம், கொழந்த நிச்சயம்னு நான் சொல்ல மாட்டேன். பையோட எடுத்தா இந்தத் தொல்லை முடிஞ்சுது, கொழந்தையும் முடிஞ்சுது. எது செய்யறதா இருந்தாலும் முதல்ல ரத்தம் ஏறணும். புரிஞ்சுதா? இல்லன்னா இல்லன்னு சொல்லு, தலையாட்டாதே."

"கட்டிய மட்டும் எடுத்துடுங்க மேடம்."

"இரு, அவசரப்படாதே. இன்னொன்னு இருக்கு. அறுக்கறப்போ சில பேருக்கு ரத்தம் நிக்காது. அப்போ உயிரைக் காப்பாத்தப் பையை எடுக்க வேண்டி வரும். அந்த நேரத்துல உன்னை எழுப்பிக் கேக்க முடியாது. அதனால இப்பவே கேக்கறேன். அப்படி ஆனா என்ன பண்ணட்டும்?"

சோனியா அந்த அட்டையைக் கையில் எடுத்தாள். "நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க மேடம்?"

"நான் எனக்கு என்ன வேணும்னு பாப்பேன். உனக்கு என்ன வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்? போ, வெளியே உக்காந்து யோசி. அடுத்தது யாரு?"

அவள் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்தாள். லாயிட் நகர்ந்து இடம் கொடுத்தார். சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

"இன்னாமா சொன்னாங்க?"

"என்கிட்ட சொல்லிட்டாங்க ணா."

"அதான், இன்னான்னு?"

"என்கிட்ட சொல்லிட்டாங்க."

அவர் அட்டையை எட்டிப் பார்த்தார். அவள் அதை மறுபக்கம் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். அங்கே ஏதோ இருமல் மருந்தின் பெயர் இருந்தது. லாயிட் அதைப் படித்துப் பார்த்தார். உதவவில்லை.

அவள் நெடுநேரம் யோசித்தாள். உத்தமனுக்குப் போன் செய்தாள், அவன் சொன்னதைக் கேட்டாள், தான் நினைத்ததைச் சொன்னாள். இந்தத் தடவை அவன் அண்ணனைக் கேட்கவில்லை. பிறகு எழுந்து, வரிசையை விலக்கி உள்ளே போய், "ரத்தம் நிக்கலன்னா எடுத்துடுங்க மேடம். எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, அவளுக்கு நான் வேணும். ஆனா முடிஞ்ச வரைக்கும் பாருங்க" என்றாள்.

"முடிஞ்ச வரைக்கும் பாக்காம, பின்ன தூங்கவா போறேன்?" என்று டாக்டர் ஷோபா கத்தினார்.

ரத்தம் ஏற்றினார்கள். மாத்திரை கொடுத்தார்கள். சில வாரம் கழித்து, உடம்பு தேறிய பிறகு, ஒரு காலை தியேட்டருக்கு அழைத்துப் போனார்கள். உத்தமன் ட்ரிப்பை விட்டுவிட்டு வந்திருந்தான். லாயிட்டும் வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. இரண்டு பேரும் தியேட்டர் கதவுக்கு முன்னால் நின்றார்கள்.

டாக்டர் ஷோபா வெளியே வந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"உயிருக்கு ஒன்னும் ஆபத்தில்ல. நல்லா இருக்கா" என்றார் அவர்.

"கர்ப்பப்பை, டாக்டர்?" என்றார் லாயிட்.

"அவ கண்ணு முழிக்கட்டும்."

"நான் புருஷன் மேடம்" என்றான் உத்தமன்.

"இருந்துக்கோ. அவ முழிக்கட்டும். முதல்ல அவகிட்ட சொல்லிட்டு வரேன்."

நின்றார்கள். அடுத்தவர் உடம்பைப் பற்றி முதலில் தெரிந்துகொள்வதே வாழ்நாள் பெருமையாக வைத்திருந்தவருக்கு அந்த வராந்தாவில் ஒன்றுமே தெரியவில்லை. டாக்டரின் முகத்தில் படிக்கப் பார்த்தார். அதில் டீ குடிக்கும் ஆசை தவிர எதுவும் இல்லை.

சோனியாவுக்கு மதியத்துக்கு மேல் மயக்கம் தெளிந்தது. டாக்டர் ஷோபா குனிந்து, அவள் கன்னத்தைத் தட்டினார்.

"ஏ சோனியா. கேக்குதா? பையை எடுக்கல. இருக்கு. கட்டி மூணும் போச்சு. ரத்தம் கொஞ்சம் பயம் காட்டிச்சு, அப்புறம் நின்னுது. புரிஞ்சுதா?"

சோனியா தலையாட்டவில்லை. "புரிஞ்சுது மேடம்" என்று வறண்ட வாயால் சொன்னாள். கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது.

"வெளியே ரெண்டு ஆம்பளைங்க தவிச்சிட்டிருக்காங்க. சொல்லிடட்டுமா?"

சோனியா காதுப் பக்கம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டாள்.

"சித்த நேரம் நிக்கட்டும் மேடம்" என்றாள்.